மூன்றாவது இன்ஜெக்டர்

பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி, அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு பழைய காலுறைக்குள் திணித்து ஒதுக்கியபோது சர்ச்சில் இரண்டாம் ஆராதனைக்கு மணி அடித்தது. பத்து மணி. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மகள் பிரிசில்லாவையும் பிறந்து நாலு நாளான பிள்ளையையும் இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு மணி நேரம் கிடக்கிறது, இரண்டு மணி நேர வேலைதான், அவசரமே இல்லை என்று இஸ்ரவேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன மாத்திரத்தில் அவசரம் வந்து விரல்களில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் இருபத்தோரு வயசான கார், பிரிசில்லாவுக்கு ஏழு வயசில் வாங்கியது. பானெட்டைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தார். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஓடவிட்டு, குழாயில் இருந்த பெட்ரோலைக் குடித்துத் தீர்த்து அது தானாக இருமி அணைந்த பிறகுதான் பேட்டரிக்கு வந்தார். வரிசை தப்பக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு வண்டிக்கு ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவருக்கு வரிசை தெரியும். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மனைவி சுகிர்தா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்னங்க, பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்கி, உங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். "தெரியுது, லேசா" என்றார் அவர். லேசா என்ற அந்த ஒரு சொல்லை எங்கிருந்து பிடித்தார்? பொய் சொல்லும்போது மனுஷன் எவ்வளவு நுணுக்கமாக அளந்து சொல்கிறான். தெரியுது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா, லேசா என்று எதற்கு.

அவருக்கு எதுவுமே தெரியவில்லை. இரண்டரை வருஷமாக எதுவும் தெரிவதில்லை. ஊரெல்லாம் பரவிய அந்தக் காய்ச்சல் வந்து பதினொரு நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது வாசனை என்கிற ஒன்று வீட்டை விட்டே போயிருந்தது. சோப்புக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசமில்லை. காபியில் சூடு மட்டும் இருந்தது. பத்து நாளில் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், பிறகு ஒரு மாதம் என்றார், பிறகு அவர் டாக்டரிடம் போகவில்லை. காலையில் எழுந்ததும் யாருக்கும் தெரியாமல் தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது மட்டும் ரொம்ப நாள் நடந்தது. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கும். இதே மூக்குத்தானே? ஸ்டேஷன் அதிகாரி வண்டியை விட்டு இறங்கியதும், "இஸ்ரவேல், மூக்கு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார். வாசற்படியில் நின்றே கேஸா, மண்ணெண்ணெயா, வயர் கருகலா என்று இவர் சொல்லிவிடுவார். ஒருதரம் நாலுவழிச் சாலையில் ஒரு கார் எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பி ஓடி வயலில் நின்றார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. ரோட்டில் ஒரு பால் புட்டி மட்டும் நிமிர்ந்தபடி நின்றது. பெட்ரோல் கசிவு, சூடான என்ஜின் மேல் சொட்டியிருக்கிறது, ஒரு வாரமா வாடை அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு சார் என்று அந்தக் கார்க்காரர் சொன்னபோது, ஒரு வாரமா மூக்கை எங்கேய்யா வச்சிருந்தீர் என்று எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டவர் இந்த இஸ்ரவேல்தான். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை இப்போது ஞாபகம் வருகிறது, முன்வழுக்கை, அதில் கரித்தூள்.

இன்ஜெக்டர்களின் வயர் முனைகள் நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தன, நகத்தால் நெம்பினாலே உடைந்துவிடும், மெதுவாக, மெதுவாக. நாலு இன்ஜெக்டரையும் மேலேயிருந்து கோத்துப் பிடித்திருக்கும் பெட்ரோல் குழாயின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, கீழே துணியை விரித்து, குழாயை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். வரமாட்டேன் என்றது. இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்த இடம். ஒரு அசைப்பில் சட்டென்று விட்டு, உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் வழிந்து துணியில் பரவியது. மணிக்கட்டில் சில்லென்று ஏறியது. குளிர்ச்சிதான் இனி அவருக்குப் பெட்ரோல். கண்ணுக்கு மினுமினுப்பு, தோலுக்குக் குளிர், அவ்வளவுதான், நடுவில் இருந்த பெரிய ஒன்று இல்லை. நாலு துளைகளிலும் தூசி விழாமலிருக்கச் சுத்தமான துணியைத் திரித்து அடைத்தார். முதல் இன்ஜெக்டரைக் கையில் எடுத்தார், ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லை, ஊசி போட்டதுபோல் என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சாமான், அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், காலில் ஒரு ரப்பர் வளையம். கழுத்து வளையத்தில் நகத்தை வைத்ததும் அது ரப்பராக இல்லை, காய்ந்த மண்ணைப்போல் வெடித்துத் துண்டாக வந்தது. இவ்வளவுதானா. இந்தச் சீல்தானா பிள்ளைக்கும் நெருப்புக்கும் நடுவில் நின்றது. வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பிரிசில்லாவுக்கு வலி எடுத்து இந்த வண்டியில்தானே கொண்டுபோனார், பின்சீட்டில் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு அவள், "அப்பா, என்னமோ வாடை, வயித்தப் பொரட்டுது" என்றாளே. வலியில் அப்படித்தான் இருக்கும் மக்கா, கண்ணை மூடிக்கோ, என்று இவர் ஆக்சிலேட்டரை மிதித்தாரே. சுகிர்தாவுக்கு அன்றைக்கு மகளைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது. மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் அழுத்தம், சொட்டு, சூடு. ஒன்பது கிலோமீட்டர். ரயில்வே கேட்டில் நாலு நிமிஷம் என்ஜினை அணைக்காமல் நின்றது வேறு. அந்த நாலு நிமிஷத்தை அவர் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருக்கிறார். கேட் திறப்பதேயில்லை.

"டாக்சி சொல்லிருவோமா?" என்று சுகிர்தா சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டாள். "பச்சப்பிள்ளய வச்சிக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு? நாளைக்குக் கடை திறந்ததும் ஒர்க்‌ஷாப்ல விட்டுக்கிடலாம்."

"முடிஞ்சிரும். சீல் மட்டும்தான்."

"முடிஞ்சிரும்னா சரி."

முடிஞ்சிரும்னா சரி. இரண்டரை வருஷமாக அவள் இப்படித்தான். அதற்கு முன்னால் இவ்வளவு சுலபத்தில் சரி என்கிறவளா அவள்? அதற்கு முன்னால் இவர்தான் எப்படிப்பட்டவர்? வீட்டு வாசல் கேட்டைத் திறக்கும்போதே, கடுக தீயவிட்டுட்ட, மீனு நேத்துப் பிடிச்சது, பால் அடிப்பிடிச்சிட்டு என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். மூக்கின் பெருமை. இருபத்தெட்டு வருஷம் அவள் அந்த மூக்குக்குப் பயந்து சமைத்தாள். காய்ச்சல் வந்து இரண்டு மாதம் கழித்து அவளுடைய அண்ணன் திடீரென்று இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார், புளிக்குழம்பு, சாப்பிட்டார், லேசாகக் கசந்தது, காய்ச்சலுக்குப் பிறகு நாக்குத்தான் அப்படி என்று நினைத்தார், இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலம் அவள் தங்கைக்குப் போன் பேசுவது ஹாலில் கேட்டது: "குழம்பு தீஞ்சு கரிக்கட்டையாப் போச்சுட்டி. நான் அடுப்பப் பாத்துக்கிட்டேதான் நிக்கேன், ஆனா பாக்கல. தெருவெல்லாம் வாடை. அவிய மூக்கு எப்படின்னு ஒனக்குத் தெரியும்லா? ஒரு வார்த்த சொல்லணுமே. ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்பிட்டாவ. எனக்கு அப்பந்தான் அழுகையே வந்துச்சு. அண்ணனுக்குக்கூட நான் அழலட்டி." அவர் கையில் செய்தித்தாள் இருந்தது. அதை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சுகிர்தா, எனக்கு மூக்கு போச்சு, தீஞ்சது எனக்குத் தெரியாது. சொன்னால் அவள் அழுத அழுகை என்னாகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாளை மடித்தார். நாளைக்கு அவள் அவர் தட்டில் மீன்தலையை வைத்தாள். அதற்கு மறுநாள் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நாள் போகப்போக அந்தச் சொல்லின் மேல் எவ்வளவோ சாமான் ஏறிவிட்டது, இப்போது அடியிலிருந்து அதை உருவினால் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயம். அவரும்தான் மாறிப்போனார், குறை சொல்ல வழியில்லாமல் போனதும் வாய் சும்மா இருந்து பழகியது, சும்மா இருந்த வாய் மெல்ல மெல்ல அவளிடம் வேறு விஷயங்களைப் பேச ஆரம்பித்தது. இந்த இரண்டரை வருஷம்தான் தங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்று சில சமயம் தோன்றும்.

நேற்று ராத்திரியே வாங்கிவந்த புது வளையங்களை ஒரு கிண்ணத்தில் என்ஜின் ஆயிலில் போட்டு வைத்திருந்தார். கறுத்துக் குழைந்து மினுங்கின. ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கு விழாமல் கழுத்தில் ஏற்றினார். முதலாவது, இரண்டாவது. குழாயின் வாயில் வைத்து அழுத்தி, விரலால் இன்ஜெக்டரைத் திருகிப் பார்க்க வேண்டும், தாராளமாகச் சுற்றினால் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறது, பிடித்தால் எங்கோ நசுங்கியிருக்கிறது. சுற்றின. மூன்றாவதைத் திருகும்போது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். யாராவது மோட்டாரை அணைக்க மாட்டார்களா என்று காது போனது. சுற்றியதுபோல் இருந்தது, கொஞ்சம் கனமாக, சுற்றியதுதான். நாலாவது. குழாயை மறுபடி துளைகளில் இறக்கி, போல்ட்டுகளை முடுக்கி, வயர்களை மாட்டி, ஃப்யூஸ், பேட்டரி. சாவியைப் பாதி திருப்பினார், பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றது. மறுபடி. மறுபடி. டார்ச் அடித்துப் பார்த்தார், எங்கும் ஈரமில்லை. வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மெத்தென்ற சத்தம், திக்கல் இல்லை. ஆனால் பெட்ரோல் கண்ணுக்குக் காத்திருக்காது, சூட்டில் பறந்துவிடும், குழாய்க்கு அடிப்பக்கம் கண் போகவும் போகாது. இதற்கு மூக்குத்தான் வேண்டும். துணியையெல்லாம் தூரத்தில் கொண்டு போட்டுவிட்டு, கால்மணி நேரம் காற்றாடவிட்டு, என்ஜின் மேல் குனிந்து கண்ணை மூடி இழுத்தார். சூடான காற்று உள்ளே போய் வெளியே வந்தது. வெள்ளைச் சுவர். ஒருவேளை, ஒருவேளை இன்றைக்கு என்று மறுபடி இழுத்தார். அவளைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டு, நீயும் ஒருதரம் பாரேன், ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். அவள் முகர்வாள், இல்லை என்பாள். எதையும் உருவ வேண்டாம், எதுவும் சரியாது. அந்த வாக்கியத்தை வாய்க்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. லேசா என்பதுபோலவே நன்றாக இருந்தது.

"சுகிர்தா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. நீயும் ஒருதரம் மோந்து பாரேன். ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே."

அவள் குனியக்கூட இல்லை. சிரித்தாள். "எனக்கு என்ன தெரியும்? ஊரு வீடெல்லாம் வாசல்ல நின்னே சொன்னவிய நீங்க. நீங்க சரின்னா, நான் பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஏறிருவேன்" என்று திரும்பி நடந்தாள்.

ஏறிருவேன். பச்சை நிறத் துவாலையில் சுற்றிய பிள்ளை, அவள் மடி, பின்சீட்டு, ரயில்வே கேட். "சுகிர்தா, நில்லு" என்றார். அவள் நின்றாள். "எனக்கு வாடை தெரியாது. அந்தக் காய்ச்சல்லயே போச்சு. இன்னைக்கு வரைக்கும் வரல. பெட்ரோல் வாடை எனக்கு வரல, நேத்தும் வரல. வியாழக்கிழமை பிரிசில்லா சொன்னப்பவும் வரல." இவ்வளவுதான். இரண்டரை வருஷம் பொத்தி வைத்தது நாலு வரியில் முடிந்துபோனது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று கணக்குப் பார்ப்பதுபோல் பின்னோக்கி ஓடுவதை அவர் பார்த்தார். காய்ச்சல், அதற்குப் பிறகு, அதற்குப் பிறகு. எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நின்றது. அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். பின்கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளா? டாக்சிக்குப் போன் பண்ணுகிறாளா? பண்ணட்டும், அதுதான் நல்லது. அவர் பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது இன்னும் சுட்டது.

அவள் முகத்தைக் கழுவி, மூக்கைச் சிந்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "எங்க மோக்கணும்? காட்டுங்க."

ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டினார். அவள் குனிந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொன்றாக முகர்ந்தாள். "இல்ல." அடுத்தது. "இல்ல." மூன்றாவதில் நின்றாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இங்கன இருக்கு."

"நல்லாப் பாரு. துணியில சிந்துனதா இருக்கப் போவுது."

"துணி வாடை அங்கருந்து வருது. இது இங்கன இருந்து வருது. வேற மாதிரி, புதுசா. இருக்குங்க."

இருந்தது. ஃப்யூஸைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து வரிசையாக எல்லாம் செய்து, மூன்றாவது இன்ஜெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால், புது வளையத்தில் ஒரு ஓரம் நசுங்கி, நகத்தால் கீறியதுபோல் ஒரு வெட்டு. மயிரிழை. அதற்குள்ளேதான் எல்லாம் இருந்தது, சாயங்காலமும் மடியும் துவாலையும். கடைக்காரர் பாக்கெட்டில் கூடுதலாக இரண்டு வளையம் போட்டிருந்தார். ஒன்றை எடுத்து ஆயிலில் தோய்த்தார். வளையம் வழுக்கி வழுக்கிப் போனது. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெளிச்சம் அசையவில்லை. வளையத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு... அண்ணன் அடக்கம் முடிஞ்ச பொறவு?"

"தீஞ்சது எனக்குத் தெரியல சுகிர்தா."

"கசந்திச்சா?"

"கொஞ்சம்."

"கசந்ததுல்லா? பொறவு எதுக்கு ரெண்டாந்தடவ வாங்குனிய?"

அவர் கை நின்றது. இரண்டரை வருஷமாக அந்த மத்தியானத்தை எத்தனையோமுறை புரட்டிப் பார்த்திருக்கிறார், இந்தப் பக்கத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. தீய்ந்தது தெரியாது என்பதிலேயே போய் முட்டி நின்றுவிடுவார். பசியா? இல்லை. பசி ஏது அப்போது. மேஜை, தண்ணீர்ச் செம்பு, எதிரே அவள், கையில் கரண்டி, அவளுக்குத் தட்டு வைக்கவில்லை. "நீ தட்டே வைக்கலியே" என்றார் மெதுவாக, ஒவ்வொன்றாக ஞாபகம் வரவர. "ஒரு வாரமா நீ சரியாத் திங்கல. நான் கை கழுவிட்டா நீயும் எந்திரிச்சு உள்ள போயிருவ. அதான். கொஞ்ச நேரம் உக்காரட்டுமேன்னு... இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டேன். பொறவு நீயும் ரெண்டு வாய் போட்டுக்கிட்ட."

டார்ச் வெளிச்சம் ஒரு தடவை ஆடி, பிறகு பழைய இடத்துக்கு வந்தது. "வெளிச்சம் போதுமா?" என்றாள். போதும் என்றார். வளையம் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. இன்ஜெக்டரைக் குழாயில் அழுத்தித் திருகினார், வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது. அவள் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, "திருகிப் பாரு, தெரியுதா?" என்றார். அவளும் திருகினாள். "ம். லேசா சுத்துது." எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, என்ஜினை ஓடவிட்டு அணைத்து, காற்றாடவிட்டு அவள் குனிந்தபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. நாலு இடத்தையும் முகர்ந்தாள். பிறகு நாலையும் திரும்ப முகர்ந்தாள். பின்கதவைத் திறந்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடி உள்ளேயே இருந்தாள். வெயில் கண்ணாடியில் அடித்து அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, உதடு மட்டும் அசைந்தது, ஜெபிக்கிறாளோ எண்ணுகிறாளோ. வெளியே நின்றவருக்கு மூச்சு விடுவதா வேண்டாமா என்று இருந்தது. கதவைத் திறந்தாள்.

"இல்ல. பழைய சீட்டு வாடைதான், வேற ஒண்ணுமில்ல."

"நிச்சயமா?"

"நான் மோந்துட்டேன்லா" என்றாள், இறங்கிச் சேலையை உதறிக்கொண்டே. அந்தக் குரலில் ஒரு அதிகாரம் இருந்தது, ஸ்டேஷன் அதிகாரி கூட இப்படிச் சொன்னதில்லை. "சாப்பாடு எடுத்து வைக்கேன். கையக் கழுவிட்டு வாங்க, பிள்ளயத் தூக்கணும்."

கொல்லைக் குழாயடியில் சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்தார். நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "போகல. இன்னொருதரம்." மறுபடி தேய்த்தார். நக இடுக்கு, விரல் சந்து, கல்யாண மோதிரத்துக்கு அடியில். நீட்டினார். "நகத்துல இருக்கு." அவளே தேங்காய் நாரை எடுத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். குளிர்ந்த தண்ணீர் இருவர் கையிலும் சேர்ந்து ஓடியது. மூன்றாவது தடவை முகர்ந்தவள் முகத்தை எடுக்கவில்லை.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள், கையை விடாமல். "போயிட்டு."